தண்ணீரில் நின்ற கார்: ஓட்டலாமா, வாங்கலாமா?

வேளச்சேரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்ததும் பால் பாக்கெட், மெழுகுவர்த்தி வாங்கி வைப்பதற்கு முன்னால் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிடுகிறோம். 2024 அக்டோபரில் வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களில் வரிசையாகக் கார்கள் நின்ற படத்தை நாடே பார்த்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கலாம். 2015-ஐயும் 2023-ஐயும் இங்கே இருந்து பார்த்தவர்களுக்கு அதில் வேடிக்கை ஒன்றுமில்லை.

எல்லோராலும் மேம்பாலத்துக்குப் போய்விட முடிவதில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாறு கரை புரண்டபோது ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் மக்கள் உயிரோடு மொட்டைமாடிக்குப் போனதே பெரிய காரியம். வண்டியை யார் நினைத்தார்கள்? 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் அடுக்குமாடி வளாகத்திலிருந்து கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்துபோன காட்சி இன்னும் பலர் கைப்பேசியில் இருக்கும். அதே மாதம் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயலின் மிச்ச மழை ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வண்டிகளை இழுத்துக்கொண்டு போனது.

இத்தனை வண்டிகளும் பிறகு எங்கே போயின? கொஞ்சம் புதுப்பேட்டைக்குப் போய் உதிரி பாகங்களாகப் பிரிந்தன. கொஞ்சம் ஒழுங்காகப் பழுது பார்க்கப்பட்டு, அதே உரிமையாளரின் வீட்டு வாசலில் இன்றும் நிற்கின்றன. மீதி வண்டிகள் கழுவப்பட்டு, பாலிஷ் போடப்பட்டு, வேறு ஊரில் வேறு கையில் ஓடுகின்றன. ஓட்டுகிறவருக்கே அந்த வண்டி தண்ணீரில் நின்றது தெரியாது. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த மூன்றாவது கூட்டம்தான்.

"வெள்ளத்துல நின்ன வண்டிய ஓட்டலாமா, வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் ஒற்றை வார்த்தையில் பதில் எதிர்பார்க்கிறார்கள். ஓட்டுவது ஒரு கேள்வி, வாங்குவது வேறு கேள்வி. சொந்த வண்டி என்றால் தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, நடுவில் யாராவது சாவியைத் திருப்பினார்களா என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்றும் தெரிந்தால் ஒரு நல்ல மெக்கானிக்கோடு உட்கார்ந்து முடிவெடுத்துவிடலாம். வாங்குகிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது. தெரியாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே பலர் உழைத்திருப்பார்கள்.

சொந்த வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

டயரில் பாதி வரை, கதவின் அடிவிளிம்பைத் தொடாமல் தண்ணீர் நின்று வடிந்துபோனால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, வீல் பேரிங்கைப் பார்த்து, அடிப்பகுதியில் ஒட்டிய சேற்றை நன்றாகக் கழுவிவிட்டால் போதும். ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்ற வண்டி என்றால் பின்சக்கரம் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்துப் பார்க்காமல் கழற்றிப் பாருங்கள்.

உள்ளே மிதியடி நனைந்துவிட்டால் கதை வேறு. மேலே தெரியும் கார்ப்பெட்டைக் காயவைத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அடியில் தடிமனான பஞ்சுமெத்தை ஒன்று இருக்கிறது. வாரக்கணக்கில் வெயிலில் நின்றாலும் அது காயாது. நம் ஊரில் ஏறுவது வெறும் மழைத்தண்ணீரும் இல்லை, சாக்கடையும் கலந்த தண்ணீர். அந்த மெத்தையை வெளியே எடுக்காமல் விட்டால் பூஞ்சை பிடிக்கும், ஏ.சி. போட்டதும் அந்தக் காற்று குழந்தைகளின் மூச்சுக்குள் போகும். எனவே சீட் நான்கையும் கழற்றி, கார்ப்பெட்டை முழுசாக உருவி, தரைத் தகடு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் "வாக்குவம் போட்டு ஷாம்பு வாஷ் பண்ணிட்டோம் சார்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று அங்கே இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கியர் லீவருக்குப் பக்கத்தில், நடு கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாகப் பொருத்தப்பட்டிருக்கும். முன்சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் தெரியும் கனெக்டர்களும் ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டவைதான். கணுக்கால் அளவுத் தண்ணீர் உள்ளே வந்தாலே இவை நனைந்துவிடும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, பாட்டு பாடுகிறது, ஏ.சி. குளிர்கிறது என்று நாம் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போவோம். உயிரைக் காக்க வேண்டிய அந்த ஒரு பெட்டி விபத்து நேரத்தில் வேலை செய்யுமா என்பது விபத்து நடந்தால்தான் தெரியும். செலவைப் பார்த்துத் தயங்காமல் மாற்றவேண்டிய பாகம் இது.

சீட் உயரம் வரை தண்ணீர் ஏறினால் வயரிங் முழுவதும் கணக்கில் வந்துவிடுகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸ், கதவு, விளக்கு, ஜன்னல் எல்லாவற்றையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி என எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. மடிப்பாக்கத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். 2015-லிருந்து இந்த வண்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவர். அவர் சொன்னது: "இன்ஜினப் பிரிச்சா ஒரு வாரத்துல கணக்குத் தெரிஞ்சிடும் தம்பி. வயரிங் அப்படி இல்ல. நாம மறந்துபோயி, வெயில் காலம் வந்து, ஒருநாள் நடுரோட்டுல நிக்கும்போது காட்டும்."

காரணம் எளிது. வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே ஏறுகிறது. வெளியே உறை காய்ந்து பளபளப்பாக இருக்கும். உள்ளே ஈரம் உட்கார்ந்து செம்பு பச்சை பூக்க ஆரம்பிக்கும். கனெக்டரின் முனை அரித்து, சில சமயம் தொடும், சில சமயம் தொடாது. ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கும். ஏ.பி.எஸ். விளக்கு எரியும், அணையும். ஸ்கேனர் போட்டால் ஒருநாள் ஒரு கோளாறு, மறுநாள் வேறு கோளாறு. ஒவ்வொரு சென்சாராக மாற்றிக்கொண்டே போவார்கள், ஆனால் குற்றவாளி வயர். சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய வண்டியை வைத்துக்கொள்வதானால் அந்தப் பகுதி வயரிங் கிட்டை மொத்தமாக மாற்ற ஒத்துக்கொண்டு இறங்குங்கள். கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சமாளிப்பது சில மாதங்களுக்குத்தான்.

டேஷ்போர்டு வரை மூழ்கிய வண்டியை விட்டுவிடுங்கள். அந்த வண்டியில் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போயிருப்பீர்கள், அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் விட்டுவிடுங்கள்.

வயதானவர்கள் சிலர் "எங்க காலத்துல அம்பாசிடர் முழுகி எழுந்து ஓடிச்சே" என்பார்கள். பொய் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து, பிளக்கைக் காயவைத்து, எண்ணெயை மாற்றினால் அம்பாசிடரும் பழைய மாருதி 800-ம் ஓடின. அவற்றில் நனைந்து கெட இவ்வளவு மின்னணுப் பொருள் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதிகள் வந்த பிறகு ஒரு சாதாரண டீசல் காரில்கூடப் புகைக்குழாய் வரைக்கும் சென்சார்கள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஐபி67 என்ற தரச்சான்றை நம்புகிறார்கள். அது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனை. பள்ளிக்கரணைத் தண்ணீர் அரைமணியில் வடிவதில்லை. நிறுவனத்தின் ஆள் வந்து பேட்டரியைச் சோதிக்கும்வரை சார்ஜரைச் செருகாதீர்கள், வீட்டை ஒட்டியும் நிறுத்தாதீர்கள்.

சாவியைத் திருப்பாதீர்கள்

இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் மூழ்கிய இன்ஜின்களில் ஏராளமானவை தண்ணீரால் சாகவில்லை, தண்ணீர் வடிந்த பிறகு "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்று திருப்பிய சாவியால் செத்தன. பட்டன் ஸ்டார்ட் வந்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது.

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைக் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. டீசலில் இன்னும் அதிகம். காற்று நெருங்கிக்கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்து மோதினால் வளைவது அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு. ஒர்க்‌ஷாப்பில் "இன்ஜின் லாக் ஆயிடுச்சு" என்பது இதைத்தான். ஓடுகிற வண்டியைத் தண்ணீருக்குள் விடும்போதும் இதே கதைதான். முன்னால் போகிற பஸ் எழுப்பும் அலை ஒன்று போதும், காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

இதில் மோசமானது, ராடு முழுசாக உடையாமல் லேசாக வளைவது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும். கொஞ்சம் அதிர்வு இருக்கும், இழுவை குறைந்த மாதிரி இருக்கும். சில மாதம் கழித்து, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அந்த ராடு முறிந்து இன்ஜின் பிளாக்கையே குத்திக் கிழிக்கும். வெள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் தோன்றாது. எனவே தண்ணீரில் நின்ற எந்த வண்டியானாலும், எவ்வளவு நன்றாக ஓடினாலும், ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் அளவு குறைந்தால் இன்ஜினைத் திறந்தே ஆகவேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். தண்ணீர் நின்ற மட்டம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சக்கரம் உருளாமல் தூக்கிப் போகும் டோயிங் வண்டியைக் கேளுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் கட்டாயம். பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பிரிக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது அரிப்பதைவிட வெளியே வந்து காற்றுப் பட்ட பிறகு இரும்பு வேகமாக அரிக்கும். 2015-இல் ஒர்க்‌ஷாப் வாசல்களிலும் காலி மனைகளிலும் முறைக்காக வாரக்கணக்கில் காத்திருந்தே பல வண்டிகள் வீணாயின.

காப்பீடு எங்கே முடிகிறது

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் வரும். அதிலும் இன்ஜினுக்கு என்று தனியாக 'இன்ஜின் புரொடெக்ட்' சேர்க்கவில்லை என்றால், லாக் ஆன இன்ஜினுக்கான செலவை "பின்விளைவுச் சேதம்" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். சாதாரணப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். வெள்ளத்தில் கெடுகிற பட்டியலும் ஏறக்குறைய இதேதான். சென்னையிலோ தூத்துக்குடியிலோ தாழ்வான இடத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இன்ஜின் புரொடெக்ட், தேய்மானம் பிடிக்காத சேர்க்கை இரண்டையும் செப்டம்பருக்குள் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுதுச் செலவு, பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் சர்வேயர் அதை 'டோட்டல் லாஸ்' என்று எழுதுவார். உங்களுக்கு இழப்பீடு வந்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். இங்கிருந்துதான் அந்த மூன்றாவது கூட்டம் புறப்படுகிறது. ஏலத்தில் எடுப்பவர் உடைத்து விற்கலாம், சரிசெய்தும் விற்கலாம். இரண்டுமே சட்டப்படிதான். நம் ஆர்.சி.யில் 'இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கி டோட்டல் லாஸ் ஆனது' என்று எந்தக் குறிப்பும் ஏறுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வண்டி அழிந்துபோனாலோ இனி உபயோகப்படாது என்று ஆனாலோ 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இனி உபயோகப்படாது என்று யார் முடிவு செய்வது? அந்த இடைவெளியில் நுழைந்து வண்டி சுத்தமான காகிதத்தோடு வெளியே வந்துவிடுகிறது.

மருமகன் பார்த்த வண்டி

தென்காசியில் இருக்கும் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஒரு வண்டி பாத்திருக்கேன். சென்னை ரிஜிஸ்ட்ரேசன், சிங்கிள் ஓனர்னு சொல்றாங்க, கிலோமீட்டரும் கம்மிதான். விலையும் சல்லிசா இருக்கு. டோக்கன் குடுத்துரட்டுமா?"

நம்பர் என்ன என்று கேட்டேன். டி.என். 14. சோழிங்கநல்லூர். சென்னையின் தென்பகுதிப் பதிவு எண் என்பதற்காக ஒரு வண்டியை ஒதுக்கக்கூடாது. அங்கே லட்சக்கணக்கில் நல்ல வண்டிகள் இருக்கின்றன. ஆனால் சல்லிசு என்ற சொல்லோடு சேர்ந்து வரும்போது கவனம் வேண்டும். "டோக்கன் குடுக்காத. நாளைக்குக் காலைல ஒரு டார்ச் லைட்டும் ஸ்பேனரும் எடுத்துட்டுப் போ. அங்க நின்னு எனக்கு வீடியோ கால் போடு" என்றேன்.

முதலில் கதவைத் திறந்ததும் என்ன வாசனை என்று கேட்டேன். "நல்ல மல்லிகைப்பூ வாசம் மாமா." வாசனைத் திரவியம் தூக்கலாக இருப்பதும் ஒரு தகவல்தான். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, ஏ.சி.யைப் போடாமல் பத்து நிமிடம் உள்ளே உட்காரச் சொன்னேன். பூ வாசனைக்கு அடியில் ஈரச் சாக்கின் வாடை வந்தது.

அடுத்து சீட் பெல்ட். முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்கச் சொன்னேன். நாம் மாட்டும்போது வெளியே வரும் பகுதியைக் கழுவுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியை யாரும் கழுவுவதில்லை. புது பெல்ட் மாட்டியிருந்தால் அதன் லேபிளில் இருக்கும் வருடம் வண்டியின் வருடத்தோடு ஒத்துப்போகாது. அந்த வண்டியில் பெல்ட் பழசு, ஓரத்தில் தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு. "சாதாரண அழுக்குதான் தம்பி" என்றார் வண்டியை விற்கும் கன்சல்டிங்காரர்.

சீட்டை முன்னுக்குத் தள்ளி, அதன் தண்டவாளத்தையும் அதைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டையும் பார்க்கச் சொன்னேன். காருக்கு உள்ளே இருக்கும் போல்ட் துருப்பிடிக்கக் காரணமே இல்லை. துரு இல்லாவிட்டாலும், போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல் இருந்தால் சீட் கழற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஏன் கழற்றினார்கள் என்று கேட்கலாம். டேஷ்போர்டுக்கு அடியில், பெடலுக்கு மேலே டார்ச் அடித்தால் கை நுழையாத மூலைகளில் வண்டல் படிந்திருக்கும். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு தெரியும். சில வண்டிகளில் மட்டும் இரண்டு ஹெட்லைட்டும் புத்தம் புதிதாக இருக்கும், மற்றதெல்லாம் பழசாக இருக்கும். அதுவும் ஒரு சாட்சி.

எங்களுக்குப் பதில் கிடைத்தது டிக்கியில். ஸ்டெப்னி டயரைத் தூக்கினால் கீழே ஒரு குழி. அதைத் துடைத்திருந்தார்கள். ஆனால் டயரை இறுக்கும் திருகுமரையின் அடியில், தகடுகள் ஒட்டும் இடுக்கில், விரல் விட்டபோது நகத்தில் ஒட்டியது களிமண். வெறும் தூசி என்றால் ஊதினால் போகும். இது காய்ந்து ஏடு ஏடாக வந்தது.

கன்சல்டிங்காரரிடம் நேராகவே கேட்டான். "நானே ஏலத்துல எடுத்த வண்டி தம்பி, முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சிங்கிள் ஓனர் என்று முதலில் சொன்னவரும் அவரேதான். மருமகன் வாங்கவில்லை. அந்த வண்டி வேறு யாருக்கோ போயிருக்கும். அந்த நினைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கண்ணால் பார்ப்பது போதாது. காகிதமும் பேசும். கடந்த மூன்று வருட இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கு என்.சி.பி. தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு கிளெய்ம் வந்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். 2023-இல் 35 இருந்தது, 2024-இல் பூஜ்யம் என்றால் நடுவில் ஒரு டிசம்பர் இருக்கிறது. அந்தக் கிளெய்ம் எதற்கு என்று கேளுங்கள். முட்டிமோதியதாகவும் இருக்கலாம், பில் காட்டட்டும். என்.சி.பி. உரிமையாளரோடு போவது, வண்டியோடு போவது இல்லை. எனவே கை மாறினாலும் பூஜ்யமாகும். அப்படியானால் எந்த மாதம் கை மாறியது என்று கேட்டுப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் அந்த வண்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த வண்டி ஒரு டிசம்பருக்குப் பிறகு அங்கே வருவதையே நிறுத்தியிருந்தால் அதற்கும் காரணம் இருக்கும்.

எழுதிக் கேளுங்கள்

இந்தியாவின் ஒப்பந்தச் சட்டம் 1872-இல் எழுதப்பட்டது. மோசடி என்றால் என்ன என்று விளக்கும் அதன் 17-ஆவது பிரிவுக்கு உதாரணமாகக் குதிரை வியாபாரம் காட்டப்பட்டிருக்கிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் விற்பவர் அதைப் பற்றி வாயே திறக்காமல் ஏலத்தில் விற்றால் அது மோசடி ஆகாது. வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரை போய்க் கார் வந்துவிட்டது, சட்டம் அதேதான். நீங்கள் கேட்காவிட்டால் அவர் சொல்லாமல் இருப்பதை மோசடி என்று நிரூபிப்பது கடினம். நீங்கள் கேட்டு, அவர் பொய் சொன்னாலோ மழுப்பி மௌனமாக இருந்தாலோ உங்கள் கை ஓங்குகிறது. வியாபாரியிடம் வாங்கினால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எனவே பணம் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "இந்தப் பதிவு எண் கொண்ட வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா, காப்பீட்டில் டோட்டல் லாஸ் ஆனதா என்று எழுத்தில் தெரிவிக்கவும். நீங்கள் மறுக்காவிட்டால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நம்பியே வாங்குகிறேன்." விற்பனை ரசீதிலும் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.

எல்லாம் தெரிந்தே வெள்ளத்து வண்டியை வாங்கலாமா? மிதியடி வரை மட்டும் நனைந்து, ஏர்பேக் பெட்டி மாற்றிய பில்லும் கம்ப்ரெஷன் அறிக்கையும் கையில் இருந்து, விலையும் அதற்கேற்பக் குறைந்திருந்தால் வாங்கலாம் என்பேன். பழுது பார்க்கத் தெரிந்தவர், ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் என்றால் இன்னும் சரி. அதற்கு மேல் ஏறிய தண்ணீருக்கு எந்த விலையும் கட்டாது. டேஷ்போர்டு மூழ்கிய வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் அதில் குழந்தையை ஏற்றாதீர்கள்.

ஆனால் இந்தத் துப்பறியும் வேலையை ஒவ்வொரு குடும்பமும் டார்ச் லைட்டோடு செய்துகொண்டிருக்க வேண்டுமா? அமெரிக்காவில் பல மாநிலங்கள் வெள்ளத்தில் மூழ்கிய காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடுகின்றன. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அங்கேயும் வண்டிகளை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தமான பத்திரம் வாங்கி விற்றார்கள். 2009 முதல் வாகன எண்ணைப் போட்டு நாடு முழுவதற்குமான தரவுத்தளத்தில் வாங்குபவர் தேடலாம் என்று ஆனது. ஏமாற்று முழுசாக ஒழியவில்லை, ஆனால் தேட ஓர் இடம் கிடைத்தது.

நம்மிடம் அதற்கான பொருள் எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. நாட்டின் வண்டிப் பதிவுகள் அரசின் வாகன் தளத்தில் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனங்களின் தரவுகளைத் திரட்டி வைக்க இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ இருக்கிறது. டோட்டல் லாஸ் என்று ஒரு நிறுவனம் பணம் கொடுக்கும் அன்றே, அந்தச் செய்தி சேசிஸ் எண்ணோடு ஆர்.சி. பக்கத்தில் ஏறினால் போதும். யாருடைய தனிப்பட்ட விவரமும் வெளியே வராது. விபத்தில் நொறுங்கிய வண்டிக்கும் இதுவே பொருந்தும். வண்டி விற்கப்படக் கூடாது என்று நான் கேட்கவில்லை, வாங்குகிறவருக்குத் தெரிந்து விற்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அது வரும்வரை, விற்கும் இடத்தில் நிற்கும் நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் வண்டி டோட்டல் லாஸ் ஆகி, இனி சாலைக்கு லாயக்கில்லை என்று உங்களுக்கே தெரிந்தால், காப்பீட்டு நிறுவனத்திடம் பேசி பதிவை ரத்து செய்ய முடியுமா என்று கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். அதோடு அந்த சேசிஸ் எண்ணின் கதை முடிந்துவிடும். ஏலத்துக்கே போகிறது என்றால் உங்கள் பெயரிலிருந்து ஆர்.சி. மாறும்வரை விடாமல் பின்தொடருங்கள். பழுது பார்த்து நீங்களே விற்கிறீர்கள் என்றால், எந்த டிசம்பரில் எதுவரை தண்ணீர் ஏறியது, எந்தெந்தப் பாகம் மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பில்களோடு சேர்த்து வாங்குபவர் கையில் கொடுங்கள். விலை குறையும். அந்த வண்டியின் விலை அதுதான்.